ஒரு தெருவை ஆள சீனத்து யோசனைகள்

குடியிருப்போர் நலச்சங்கத்தின் புதிய தலைவர் இப்போது நீங்கள். வேறு யாரும் நிற்காததால் போட்டியின்றித் தேர்வாகியிருக்கிறீர்கள். சங்கச் சொத்துகளான ஒரு ரப்பர் ஸ்டாம்பு, ஒரு ரசீது புத்தகம், கால் துருப்பிடித்த ஒரு பீரோ ஆகியவற்றை இத்துடன் ஒப்படைக்கிறேன். பீரோவின் கீழ்த்தட்டில் எதையும் வைக்காதீர்கள். காரணம் ஐப்பசியில் தெரியும்.

பதினொரு வருஷம் செயலாளராகக் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சில யோசனைகள் சொல்கிறேன். எல்லாம் பழைய சீனாவிலிருந்து எடுத்தவை. சிரிக்க வேண்டாம். நம் அடுப்படியில் சீனாச்சட்டி இருக்கிறது, முடிதிருத்தும் கடையில் சீனாக்காரம் இருக்கிறது, பாரிமுனையில் இன்றைக்கு என்.எஸ்.சி. போஸ் ரோடு என்று போர்டு மாட்டியிருக்கும் தெருவுக்கே ஒரு காலத்தில் சைனா பஜார் ரோடு என்றுதான் பெயர். இத்தனையும் வாங்கியவர்கள் அவர்களுடைய ஆட்சிக்கலையை மட்டும் வாங்காமல் விட்டுவிட்டோம்.

வடசென்னைக் கோடியில் இருக்கும் நம் காத்திவாக்கத்துக்கு அது ஏன் வேண்டும்? நம் ஊரைக் கொஞ்சம் மேலேயிருந்து பாருங்கள். கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். வடக்கே கொசஸ்தலையாறு கடலோடு சேரும் முகத்துவாரம். மூன்று பக்கமும் தண்ணீர் போக வழியுள்ள ஊரில் நாலு மணி நேர மழைக்கு மூன்று நாள் தண்ணீர் நிற்கிறது என்றால் அது இயற்கை இல்லை, ஆட்சி. இந்த ஒரு விஷயத்தைச் சீனர்கள் மூவாயிரம் வருஷத்துக்கு முன்பே பிடித்துக்கொண்டார்கள்.

முதலில் உங்களுக்கு வானத்தின் ஆணை வேண்டும். ஓட்டு விழாத பதவிக்கு அதுதான் பொருத்தம். கி.மு. 1046 வாக்கில் சோவ் குலத்தார் ஷாங் குலத்து அரசனை வீழ்த்தினார்கள். நேற்றுவரை கும்பிட்ட ராஜாவைக் கவிழ்த்தது துரோகமில்லையா என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில்: வானம்தான் ஆளும் உரிமையைக் கொடுக்கிறது, சரியாக ஆளாவிட்டால் வானமே பிடுங்கி வேறொருவனுக்குக் கொடுத்துவிடுகிறது. பிடுங்கப்போவதற்கு முன்னால் மெமோ அனுப்பும். வெள்ளம் ஒரு மெமோ, பஞ்சம் ஒரு மெமோ, சூரிய கிரகணம் ரிஜிஸ்தர் தபால். கி.மு. 178-ல் கிரகணம் பிடித்தபோது ஹான் பேரரசர் வென், குற்றம் தன்னுடையது என்று அறிக்கை விட்டு, தன் தவறுகளை முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஆட்களைத் தேடி அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். நம் வாட்ஸாப் குரூப்பில் அப்படிப்பட்டவர்கள் கேட்காமலேயே நாற்பது பேர் இருக்கிறார்கள். அந்த வகையில் நீங்கள் வென்னைவிடக் கொடுத்துவைத்தவர்.

அரசன் முறை தவறினால் மழை பொய்க்கும் என்று வள்ளுவரும் கொடுங்கோன்மை அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். நம் ஊர்ச் சிக்கல் வேறு. எவ்வளவு முறை தவறினாலும் பெய்து தொலைக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் மட்டுமா வந்தது? மணலிப் பக்கமிருந்து எண்ணெயும் சேர்ந்து வந்து, முகத்துவாரத்துப் படகெல்லாம் தார் பூசினாற்போல் ஆனது. வானம் மெமோவைக் கறுப்பு மையில் எழுதி அனுப்பியும் எங்கள் குரூப்பில் ஒருத்தராவது பழியை ஏற்று அறிக்கை விட்டாரா என்றால் இல்லை. நீங்கள் விடுங்கள். விடியற்காலை நாலு மணிக்கு, மோட்டார் தேடி எல்லாரும் விழித்திருக்கும்போது விடுங்கள். பாதிக் கோபம் அடங்கும்.

அடுத்தது மழை எப்போது வரும் என்று தெரிந்துகொள்வது. ஷாங் அரசர்கள் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் ஆமையின் அடி ஓட்டிலும் சூடு வைத்து, விழுந்த விரிசலைப் படித்துக் குறி சொன்னார்கள். வூ டிங் என்ற அரசன் மழை வருமா, பல்வலிக்கு எந்த மூதாதை காரணம், ராணிக்குப் பிரசவம் நல்லபடி ஆகுமா என்று கேட்காத கேள்வியில்லை. அதிலும் ஒரு சாமர்த்தியம் பாருங்கள். ‘மழை வரும்’ என்று ஒரு பக்கம், ‘மழை வராது’ என்று மறுபக்கம், இரண்டையும் எழுதிக் கேட்டார்கள். இரண்டில் ஒன்று பலிக்காமல் எங்கே போகும்? பிற்காலத்தில் உழவர்கள் இந்த எலும்புகளைத் தோண்டியெடுத்து ‘டிராகன் எலும்பு’ என்று மருந்துக் கடைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். 1899-ல்தான் வாங் யீரோங் என்ற அறிஞர் அதில் எழுத்து இருப்பதைக் கண்டார். அதற்குள் எத்தனை அரசாங்கக் கோப்புகளை எத்தனை பேர் இடித்துக் கஷாயம் போட்டுக் குடித்தார்களோ.

இந்த முறையை நீங்கள் அப்படியே பின்பற்றக் கூடாது. பங்குனி ஆமை நம் கரையில் ஒதுங்கும்தான். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரை நெடுக நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஆனால் ஓட்டைத் தொட்டால் 1972 வனவிலங்குச் சட்டப்படி உள்ளே போவீர்கள். மேலும் அத்தனை ஆமை செத்து ஒதுங்கியதே ஒரு குறி. அதைப் படிக்கச் சூடு வைக்கத் தேவையில்லை. மழைக்கு, மூன்றாவது வீட்டுக் கருவாட்டு ஆயாவைக் கேளுங்கள். திண்ணையில் நின்று கிழக்கே ஒரு பார்வை பார்த்து, “வாடை திரும்பிச்சு நைனா, மெத்தைய மேல தூக்கிப் போடு” என்று சொன்னால் தூக்கிப் போட்டுவிடுங்கள். மறுபக்கக் கேள்வி கேட்டால் திட்டும்.

இனி மனு. இது நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். சீனத்தோடு தமிழனுக்கு உண்டான நிஜமான உறவே மனு உறவுதான்.

காஞ்சிப் பல்லவன் ராஜசிம்மன் 720-ல் தாங் பேரரசருக்குத் தூது விட்டான். அரபிகளையும் திபெத்தியரையும் அடக்க யானைப் படை தருகிறேன், என் படைக்கு ஒரு பெயர் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டான். கட்டிய கோயில் ஒன்றுக்குப் பெயர்ப்பலகையும் கேட்டான். இரண்டும் கிடைத்தன. அறத்தை மதிக்கும் படை என்று ஒரு பட்டம், கூடவே ஒரு பலகை. பேனர், போர்டு விஷயத்தில் நாம் நேற்று முளைத்தவர்கள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். கவனியுங்கள், கேட்டது பலகை, அதனால் கிடைத்தது. வடிகால் கேட்டிருந்தால் இன்றைக்கும் பரிசீலனையில் இருந்திருக்கும்.

ராஜராஜ சோழன் அனுப்பிய தூதுக்குழு 1,150 நாள் பயணம் செய்து சீனத்துக் கரையில் இறங்கியது. அரசவையில் கடிதம் போய்ச் சேர்ந்தது 1015-ல். அனுப்பிய ராஜராஜன் 1014-லேயே போய்ச் சேர்ந்துவிட்டான். தூதர்கள் அரியணைக்கு முன் முத்துகளை வாரி இறைத்து வணங்கினார்கள் என்று சுங் வரலாறு எழுதி வைத்திருக்கிறது. தெருவிளக்குக்கு மனுக் கொடுத்த எங்கள் முன்னாள் பொருளாளருக்கும் இதே கதிதான். விளக்கு வந்தது, அவருடைய பதினாறாம் நாளன்று. ஆகவே மனுவில் உங்கள் பெயரோடு வாரிசு பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

கதை இன்னும் முடியவில்லை. 1025-ல் ராஜேந்திரன் கடல் கடந்து போய் ஸ்ரீவிஜயத்தை அடித்து நொறுக்கினான். மெய்க்கீர்த்தியில் ஊர் ஊராகப் பட்டியல் உண்டு. ஆனால் 1106-ல் பர்மாவின் பகான் நாட்டுத் தூதர்கள் சுங் அரசவைக்கு வந்து, அவர்களுக்குச் சோழருக்குச் செய்த மரியாதையைச் செய்யலாம் என்று பேரரசர் சொன்னபோது, சடங்குத் துறை அதிகாரிகள் தடுத்தார்கள். சோழன் ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கியவன், அதனால்தான் அவனுக்குச் சாதாரணத் தடித்த காகிதத்தில் எழுதினோம், பகான் பெரிய தனி நாடு, அதற்கு நல்ல பட்டுத்தாள் வேண்டும் என்றார்கள். ஜெயித்தவனைத் தோற்றவனுக்குக் கீழே எழுதி வைத்திருந்தது கோப்பு. எண்பது வருஷம் யாரும் திருத்தவில்லை. உலகத்தில் என்ன நடந்தது என்பது வேறு, கோப்பில் என்ன இருக்கிறது என்பது வேறு. நம் தெருவில் மழைநீர் வடிகால் கட்டி முடித்தாயிற்று என்று ஏதோ ஓர் அலுவலகத்துக் கோப்பு சொல்வதாகக் கேள்வி. நான் நேரில் போய் இல்லை என்று சொன்னேன். கோப்பைக் காட்டினார்கள். எனக்கே சந்தேகம் வந்து, வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தேன்.

மனுவுக்கு எப்படிப் பலன் வரவழைப்பது என்பதைக் கற்றுக்கொண்ட தமிழன் ஒருவன் உண்டு. தென்கிழக்குச் சீனத்துத் துறைமுகமான குவான்சோவில் 1281-ல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர் செகசைகான் என்ற மங்கோலிய ஆட்சியாளரின் அனுமதிச் சீட்டு பெற்று, அந்தக் கானின் உடல்நலத்துக்காகச் சிவனைப் பிரதிஷ்டை செய்தார். சாமிக்கு என்ன பெயர் தெரியுமா? திருக்கானீச்சுரமுடைய நாயனார். ‘கான்’ அனுமதித்தான், ‘கானீச்சுரம்’ வந்தது. இதைவிட நயமாக ஒரு பிளான் அப்ரூவல் வாங்கியவரை நான் பார்த்ததில்லை. நம் கால்வாய்க்கும் ஏதாவது ஒரு பெயர் யோசித்து வையுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

பெயர் என்றதும் கன்பூசியஸ் நினைவுக்கு வருகிறார் (கி.மு. 551-479). உங்களிடம் ஆட்சியைக் கொடுத்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று சீடன் கேட்டபோது, பெயர்களைச் சரிசெய்வேன் என்றார். பெயரும் பொருளும் பொருந்தாத ஊரில் பேச்சு குழம்பும், பேச்சு குழம்பினால் வேலை குழம்பும். நம் ஊருக்கு வந்திருந்தால் மனிதர் ஒரு வாரம் தூங்கியிருக்க மாட்டார். எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-லேயே நின்றுவிட்டது, இன்னும் எல்லாரும் வழி சொல்வது அதை வைத்துத்தான். கொசஸ்தலை என்கிறோம், பல இடத்தில் அது சாம்பல் மேடு. மழைநீர் வடிகால் என்கிறோம், மழைநீரைத் தவிர மற்ற எல்லாம் போகிறது. நாமும் 2011 வரை நகராட்சி, பிறகு மாநகராட்சி. பெயர் பெரிதான வேகத்துக்குக் குழாயின் விட்டம் பெரிதாகவில்லை. கன்பூசியஸுக்குச் சொந்த ஊரான லூ நாட்டில் பதவி நீடிக்கவில்லை, பதினாலு வருஷம் ஊர் ஊராக வேலை தேடி அலைந்தார் என்பதையும் உங்கள் காதில் போட்டு வைக்கிறேன்.

நல்ல வார்த்தை பலிக்காதபோது, கண்டிப்பான சட்டமே நாட்டை ஆளும் என்ற சீனத்துச் சட்டவாதிகளிடம் போக வேண்டும். சின் நாட்டில் அமைச்சனாக வந்த ஷாங் யாங்குக்கு, தன் சட்டத்தை ஜனங்கள் நம்ப வேண்டுமே என்ற கவலை. சந்தையின் தெற்கு வாசலில் ஒரு மரக்கம்பத்தை நட்டு, இதை வடக்கு வாசலுக்கு நகர்த்துபவனுக்குப் பத்துப் பொன் என்றான். அரசாங்கமாவது காசு கொடுப்பதாவது என்று ஒருவனும் தொடவில்லை. ஐம்பது பொன் என்றான். எவனோ ஒரு துணிச்சல்காரன் தூக்கிக்கொண்டு போய் நட்டான். கையில் ஐம்பது பொன் விழுந்தது. அன்றோடு சின் நாட்டில் அரசாங்கம் சொன்னால் சொன்னதுதான் என்றாகிவிட்டது.

நம் தெரு முனையிலும் ஒரு கம்பம் இருக்கிறது. கால்வாய்க்கு நட்ட நடுவே. அதில் கம்பி இல்லை, விளக்கு இல்லை, கொடியும் இல்லை. பிளாஸ்டிக் பையெல்லாம் வந்து கட்டிக்கொள்வதற்கென்றே நிற்கிறது. அது எந்தத் துறையின் கம்பம் என்று கண்டுபிடிப்பதில் நாலு வருஷம் ஓடியது. முதல் அலுவலகம் இரண்டாவதைக் கைகாட்டியது, இரண்டாவது மூன்றாவதை. மூன்றாவது அலுவலகம், முதலில் அதை யார் நட்டார்கள் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னது. ஆளுக்கு ஒரு பிரியாணி என்றால் நம் பையன்கள் பத்து நிமிஷத்தில் பிடுங்கிவிடுவார்கள். அங்கேதான் இன்னொரு சட்டவாதியான ஹான் ஃபெய் சொன்ன கதை வந்து காலைப் பிடிக்கிறது. ஜாவோ என்ற சிற்றரசன் குடித்துவிட்டுத் தூங்கிப்போனான். குளிருமே என்று தொப்பிக்காரன் ஒரு மேலங்கியை எடுத்துப் போர்த்தினான். விழித்த அரசன் இரண்டு பேரைத் தண்டித்தான். அங்கிக்காரனை, தன் வேலையைச் செய்யாததற்கு. தொப்பிக்காரனை, தன் வேலை இல்லாததைச் செய்ததற்கு. ரோட்டுக்காரர் ரோடு போட்ட மறுநாள் குழாய்க்காரர் வந்து தோண்டுவதையும், குழாய்க்காரர் மூடாமல் போன பள்ளத்தை ரோட்டுக்காரர் சுற்றிக்கொண்டு போவதையும் பார்த்து வயிறெரியாதீர்கள். எல்லாரும் ஜாவோவுக்குப் பயந்தவர்கள்.

ஷாங் யாங்கின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். ஆதரித்த அரசன் இறந்ததும் ஊரே விரட்ட, ஓடிப்போய் ஒரு சத்திரத்தில் இடம் கேட்டான். அடையாளச் சீட்டு இல்லாதவனுக்கு இடம் கொடுத்தால் தண்டனை, ஷாங் யாங் போட்ட சட்டம் அப்படி என்று சத்திரக்காரன் கதவைச் சாத்தினான். கி.மு. 338-ல் தேரில் கட்டிக் கிழித்தார்கள். குப்பையை இரவில் வெளியே வைத்தால் ஐம்பது ரூபாய் அபராதம் என்று தீர்மானம் போடுமுன், உங்கள் வீட்டில் யார் எப்போது குப்பை வைக்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

தலைவர் மாறியதைக் கொஞ்ச நாள் வெளியே சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதற்கும் முன்னுதாரணம் உண்டு. முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் சாகாமருந்து தேடி ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கி.மு. 210-ல் வழியில் இறந்துபோனார். கூட இருந்தவர்கள் அதை மறைத்து, பிண வாடை தெரியாமலிருக்க வண்டி வண்டியாக உப்புமீனை ஊர்வலத்தில் சேர்த்துத் தலைநகருக்கு ஓட்டினார்கள். அதை நாற்றம் என்று வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். பாவம், காசிமேடு வந்ததில்லை. பழைய தலைவர் மகனோடு ஆவடிக்குக் குடிபோன பிறகும் எட்டு மாதம் அவர் கையெழுத்திலேயே ரசீது கொடுத்துவந்தோம். கருவாடு தேவைப்படவில்லை, தெருவிலேயே இருந்தது.

ஒன்றுமே நடக்கவில்லை என்றால் லாவோட்சு. எதையும் வலிந்து செய்யாதே, தண்ணீர் தாழ்ந்த இடம் தேடிப் போவதுபோல் இரு என்பவர். சும்மா இருப்பது எத்தனை கஷ்டம் என்பது தமிழனுக்குச் சித்தர்கள் சொல்லித் தெரியும். பயிற்சி வேண்டுமானால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரி டிரைவர்களிடம் போங்கள். இன்ஜினை அணைத்து, லுங்கியை மாற்றி, லாரிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்துக் குழம்பு கூட்டுவார்கள். லாவோட்சு நாட்டை விட்டுப் போகும்போது எல்லைக் கணவாயில் காவலன் நிறுத்தி, ஒரு புத்தகம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னானாம். நம் டோல்கேட்டில் ஒருநாளும் அப்படிக் கேட்டதாகத் தகவல் இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. தண்ணீர் தாழ்ந்த இடம் தேடிப் போகும் என்று அவர் சொன்னபோது, அந்தத் தாழ்ந்த இடம் உங்கள் சமையலறையாக இருக்கும் என்று யோசித்திருக்க மாட்டார்.

சாமி விஷயத்திலும் சீனர்களுக்கு அரசாங்க மூளைதான். மேலுலகமே ஒரு செக்ரடேரியட். அடுப்படிச் சாமி வருஷக் கடைசியில் மேலே போய் வீட்டு ரகசியங்களை ரிப்போர்ட் செய்யும் என்று, கிளம்புமுன் அதன் வாயில் தேனையோ பாகையோ தடவி அனுப்பினார்கள். ஃபூஜியன் கரையில் மீனவர்களைக் காத்த பெண்தெய்வம் மாட்சு. 1123-ல் அரசு ஒரு பலகை கொடுத்தது, பிறகு படிப்படியாகப் பதவி உயர்ந்து சிங் காலத்தில் வானத்து அரசியானாள். நம் அம்மன்களுக்கு இந்தச் சீனியாரிட்டி தொல்லை கிடையாது. சீனத்தில் ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு நகரச் சாமி உண்டு. மழை பெய்யாவிட்டால் அதைத் தூக்கி வெயிலில் வைத்துவிடுவார்கள். எப்படிக் காய்கிறது பார் என்று. நாம் கொடும்பாவி கட்டி இழுத்ததும் கழுதைக்குக் கல்யாணம் செய்ததும் மழை வர. நிற்க என்ன செய்வது என்பதற்கு இரண்டு நாட்டிலும் உருப்படியான வழி எனக்கு அகப்படவில்லை.

கடைசியில் எல்லாம் தண்ணீருக்குத்தான் வந்து சேர்கிறது. சீனர்கள் தங்கள் ஆட்சிக்கதையை ஆரம்பிப்பதே வெள்ளத்தில். பெருவெள்ளத்தை அடக்கக் குன் என்பவனை நியமித்தார்கள். ஒன்பது வருஷம் அணையும் கரையுமாகக் கட்டினான். தண்ணீர் ஏறி வந்தது, அவன் தலை போனது. மகன் யூ அதே வேலைக்கு வந்தான். கட்டுவதை விட்டுவிட்டுத் தோண்டினான். பதின்மூன்று வருஷம் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு அனுப்பினான். அரசனானான். அந்தப் பதின்மூன்று வருஷத்தில் மூன்று தடவை தன் வீட்டு வாசலைக் கடந்தும் உள்ளே போகவில்லையாம். இந்தப் பெருமை உங்களுக்கு முதல் மழையிலேயே கிடைக்கும். உள்ளே போக முடியாது.

நம் தெருவில் இருப்பவர்கள் எல்லாரும் குன்கள். ஒருவர் வாசற்படியை இரண்டடி உயர்த்துவார், அந்தத் தண்ணீர் எதிர்வீட்டுக்குப் போகும். எதிர்வீட்டுக்காரர் மூன்றடி உயர்த்துவார். கோடிவீட்டில் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிட்டார்கள். பாய் குய் என்ற அமைச்சன், வெள்ளம் அடக்குவதில் நான் யூவையும் மிஞ்சியவன் என்று பீற்றியபோது கன்பூசியஸ் வழிவந்த மென்சியஸ் மடக்கினார்: யூ கடலை வடிகாலாக்கினான், நீ பக்கத்து நாட்டை வடிகாலாக்குகிறாய். முதல் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். கோடிவீட்டுக்காரர் எழுந்து போவார். போகட்டும், சந்தா பாக்கி அவரிடம்தான் அதிகம்.

கி.மு. 256 வாக்கில் சிச்சுவானில் லி பிங் என்ற ஆளுநர் மின் ஆற்றை அணை கட்டாமல் ஆற்றின் நடுவே மீன் வாய் போல ஒரு முனை எழுப்பி இரண்டாகப் பிரித்தார். டூஜியாங்யான் என்று பெயர். இன்றைக்கும் வயலுக்குத் தண்ணீர் போகிறது. ரகசியம் கட்டியதில் இல்லை. வருஷாவருஷம் தூர் வாருகிறார்கள். எவ்வளவு ஆழம் வாருவது என்று காண்ட்ராக்டர் தகராறு செய்ய முடியாது. ஆற்றின் அடியில் இரும்புத் தண்டுகளைப் புதைத்து வைத்திருக்கிறார்கள், மிங் காலத்தில் தொடங்கிய வேலை. அது கண்ணில் படும்வரை தோண்ட வேண்டும். பட்டால்தான் கணக்கு.

நம் கால்வாயிலும் இப்படி ஒரு இரும்பைப் போடலாம் என்று போன மாதம் கூட்டத்தில் சொன்னேன். கருவாட்டு ஆயாதான் சிரித்தது. “இரும்பா? ரெண்டே நாள்ல காயலாங்கடைக்குப் பூடும் நைனா.”

போகட்டும் ஆயா என்றேன். எடுத்துப் போவதற்காகவாவது ஒருத்தன் அவ்வளவு ஆழம் தோண்டுவான் இல்லையா. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது, ஸ்டாம்புடன் சேர்த்து அதையும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடவும்.